பட்டம் பெறாத பேராசிரியர்: கடல் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பொக்ஸர்

1947ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி தனது போர்த்துக்கேயப் பேராசிரியர் பதவியை ஓர் இராணுவ மேஜருக்கு வழங்கியது. போர்த்துக்கேய மகாகவி கமோயன்ஸின் பெயரைத் தாங்கிய பதவி அது. ஆங்கிலம் பேசும் உலகில் அக்காலத்தில் அதற்கு இணையான வேறொரு பதவி இருக்கவில்லை. தெரிவு செய்யப்பட்டவரோ எந்தப் பல்கலைக்கழகத்திலும் மாணவராக இருந்தவர் அல்லர். முதுமாணி, கலாநிதி என்பன ஒருபுறமிருக்க, சாதாரண கலைமாணிப் பட்டமேனும் அவரிடம் இல்லை. இடது கை போரில் காயமுற்றுச் செயலிழந்திருந்தது. வயது நாற்பத்து மூன்று.

அவர்தான் சார்ல்ஸ் றால்ப் பொக்ஸர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆசியக் கடல்களில் ஓடித்திரிந்த காலத்தைப் பற்றி இன்று யார் எழுதப் புகுந்தாலும் இவரது நூல்களைத் தாண்டிச் செல்வது கடினம். நம்மைப் பொறுத்தவரை இது தூரத்து விடயமுமன்று. யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் ஆண்டனர். அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நம் வீடுகளில் அலுமாரியும் கதிரையும் மேசையும் யன்னலும் அவர்கள் மொழியிலேயே இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினால் அவர்களது பெயர்களே வரிசையாக வரும். அப்படியிருந்தும் அவர்களை நம்மிடம் கொண்டுவந்த கப்பல்களைப் பற்றியும், அவற்றில் வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பற்றியும் நாம் அறிந்தது சொற்பம். அதை ஆராய்வதில் ஆயுளைச் செலவிட்ட ஒருவரின் கதை இது.

பொக்ஸர் 1904 மார்ச் 8ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைற் தீவில் பிறந்தார். பரம்பரையான இராணுவக் குடும்பம். தந்தையார் 1915இல் முதலாம் உலகப் போரில் கொல்லப்பட்டார்; அப்போது மகனுக்குப் பதினொரு வயது. வெலிங்டன் கல்லூரியிலும் பின்னர் சாண்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியிலும் பயின்று 1924இல் லிங்கன்ஷயர் படைப்பிரிவில் உத்தியோகத்தராகச் சேர்ந்தார்.

படைமுகாம்களில் மாலை வேளைகளில் மற்றவர்கள் சீட்டாடிக் களித்திருக்க, இந்த இளைஞர் போர்த்துக்கேய மொழியையும் டச்சு மொழியையும் தாமாகவே கற்றார். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போயிற்று. இருபது வயது தாண்டியவுடனேயே ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிடத் தொடங்கிவிட்டார். 1639ஆம் ஆண்டில் ஸ்பானியக் கப்பற் படையை முறியடித்த டச்சுக் கடற்படைத் தளபதி திறொம்பின் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் பெயர்த்து, விளக்கங்களோடு 1930இல் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தாறு. இவ்வளவுக்கும் அவருக்கு வழிகாட்டும் பேராசிரியர் எவரும் இருக்கவில்லை.

அதே 1930இல் யப்பானிய மொழியைக் கற்பதற்காக இராணுவம் அவரை யப்பானுக்கு அனுப்பியது. மூன்று ஆண்டுகள் அங்கே யப்பானியப் படைப்பிரிவொன்றோடு இணைக்கப்பட்டிருந்தார். அவர்களது வாள்வித்தையையும் பயின்றார். புனித பிரான்சிஸ் சவேரியார் 1549இல் கால்வைத்த நாடு அது. சவேரியாருக்குப் பின்னர் அங்கே தழைத்து, பின்பு இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட திருச்சபையின் வரலாறு பொக்ஸரைப் பற்றிக்கொண்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1951இல், யப்பானின் கிறிஸ்தவ நூற்றாண்டு என்னும் பெருநூலாக அது வெளிவந்தது. கத்தோலிக்கரல்லாத ஒருவர் எழுதிய அந்நூல் பின்னர் இத்துறையில் எவரும் தவிர்க்க முடியாத நூலாயிற்று.

சிறையும் நூல்களும்

1936இல் அவர் ஹொங்கொங்கிற்கு மாற்றப்பட்டார். வேலை இராணுவப் புலனாய்வு. ஓய்வு நேரம் முழுவதும் வரலாறு. அருகிலுள்ள மக்காவோவின் பழைய ஆவணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இந்த நாட்களில் அவரது வீட்டு நூல்நிலையம் அறிஞர்கள் வியக்குமளவு வளர்ந்தது.

1941 டிசம்பரில் யப்பானியர் ஹொங்கொங்கைத் தாக்கினர். சண்டையில் பொக்ஸர் கடுமையாகக் காயமடைந்தார். நகரம் கிறிஸ்மஸ் நாளன்று வீழ்ந்தது. அவர் போர்க் கைதியானார். எந்த மொழியை விரும்பிப் படித்தாரோ அதைப் பேசுவோரே அவரைச் சிறைவைத்தனர். 1943இல், முகாமில் இரகசிய வானொலி மூலம் பெற்ற செய்திகள் பரிமாறப்பட்ட விடயத்தில் அவரும் பிடிபட்டு, இராணுவ மன்றினால் தண்டிக்கப்பட்டு, கன்ரன் நகரச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். போர் முடியும்வரை விடுதலை இல்லை. அவரது நூல்நிலையத்தை யப்பானியர் பெட்டி பெட்டியாக அள்ளிச் சென்றனர்.

போர் முடிந்தபின் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1946இல் பிரித்தானியக் குழுவொன்றின் உறுப்பினராக அவர் யப்பானுக்குப் போனார். டோக்கியோவில், உவேனோ என்னுமிடத்திலுள்ள அரச நூல்நிலையத்தில், தமது புத்தகங்களைக் கண்டுபிடித்து மீட்டுக்கொண்டார். சிறைவாசத்துக்காக யப்பானிய மக்கள்மீது அவர் வன்மம் பாராட்டவில்லை. பழைய யப்பானிய நட்புக்களைத் தொடர்ந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து வெளிவந்த அந்தக் கிறிஸ்தவ நூற்றாண்டு நூலில் யப்பானியரைப் பற்றிக் கசப்பான ஒரு வாக்கியமேனும் அகப்படுமா என்று தேடிப் பார்க்கலாம். கிறிஸ்தவர்களை வதைத்த ஆட்சியாளருக்குங்கூட அவர்களுடைய பயம் என்ன, சந்தேகம் என்ன என்பதை விளங்கிக்கொண்டு எழுதியிருக்கிறார். அயல்நாட்டுக் குருமாரின் பின்னால் அயல்நாட்டுப் படைகள் வரும் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. அது முற்றிலும் கற்பனையென்று சொல்வதற்கில்லை என்பதே அவர் கண்ட முடிவு.

அவருடைய இல்லற வாழ்வைப் பற்றி ஒரு வார்த்தை. ஹொங்கொங்கில், முதல் மனைவி இருக்கையிலேயே, எமிலி ஹான் என்ற அமெரிக்க எழுத்தாளரோடு அவர் வாழ்ந்தது அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. நாம் அதற்கு நியாயம் கூறப் புகவில்லை. 1945இல் இருவரும் மணம் முடித்தனர். 1997இல் அந்த அம்மையார் இறக்கும்வரை ஐம்பத்தொரு ஆண்டுகள் அந்த மணவாழ்வு நீடித்தது என்பதையும் சொல்லிவிடுவது முறை.

பேராசிரியர் பதவியை ஏற்று இராணுவத்தை விட்டு விலகிய பின்னர், இருபது ஆண்டுகள் அவர் எழுதிய வேகம் வியப்புக்குரியது. இடையில் 1951 முதல் 1953 வரை இலண்டனிலேயே கீழைத்தேய, ஆபிரிக்கக் கல்விகளுக்கான கல்லூரியில் தூரகிழக்கு வரலாற்றுப் பேராசிரியராக இருந்துவிட்டு, மீண்டும் பழைய பதவிக்குத் திரும்பினார். பிறேசிலில் டச்சுக்காரர், பிறேசிலின் பொற்காலம், மக்காவோவுக்கும் நாகசாக்கிக்கும் இடையில் ஓடிய பெருங்கப்பலின் ஆண்டுக் கணக்கு, ஒல்லாந்தரின் கடற் பேரரசு, போர்த்துக்கேயரின் கடற் பேரரசு என்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கட்டுரைகளையும் சேர்த்தால் முந்நூறுக்கு மேல். பட்டமில்லாத அவருக்கு உட்ரெக்ட், லிஸ்பன் முதலிய பல்கலைக்கழகங்கள் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கின. பிரித்தானிய அக்கடமி 1957இல் உறுப்பினராக ஏற்றது.

இந்தியக் கடல்வழி

பொக்ஸருடைய ஆராய்ச்சியின் நடு அச்சு ஒன்று உண்டு. லிஸ்பனிலிருந்து கோவாவுக்கும் கொச்சிக்கும் ஆண்டுதோறும் போய்வந்த கப்பல்களின் பாதைதான் அது. அரசர்கள், தேசாதிபதிகள், உடன்படிக்கைகள் என்று எழுதுவதே வழக்கமாயிருந்த துறையில், அவர் கப்பலின் அடித்தட்டுக்குள் இறங்கிப் பார்த்தார்.

கப்பல்கள் லிஸ்பனை விட்டு மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் புறப்பட்டாக வேண்டும். அப்போதுதான் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்து, நம் கடலோர மக்கள் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்றைப் பிடித்து, செப்டெம்பர் அளவில் கோவாவை அடையலாம். திரும்பும் பயணத்துக்கு வாடைக்காற்று வேண்டும். கிறிஸ்மசுக்கும் சனவரி மாதத்துக்கும் இடையில் கிளம்பிவிட வேண்டும். நாட்கணக்கில் பிந்தினால் மாதக்கணக்கில் துன்பம். ஒருவழிப் பயணமே ஆறு முதல் எட்டு மாதம். பழுதான உணவு, நாற்றமெடுத்த தண்ணீர், முரசு வீங்கிப் பல் விழும் சொறிகரப்பான் நோய், காய்ச்சல். ஏறிய போர்வீரருள் ஏறக்குறையப் பாதிப் பேர் கரை காணாமல் மாண்ட பயணங்களும் உண்டு.

திரும்பி வரும் கப்பல்கள் ஏன் அத்தனை மூழ்கின என்ற கேள்விக்கு அவர் தந்த விடை புயலை மட்டும் காரணம் காட்டவில்லை. மாலுமிகளுக்குச் சம்பளம் மிகக் குறைவு. அதற்கு ஈடாக, ஒவ்வொருவரும் தத்தம் தகுதிக்கேற்ப இத்தனை பெட்டி சரக்கைக் கூலியின்றி ஏற்றிவரலாம் என்று சலுகை கொடுக்கப்பட்டது. அந்தப் பெட்டிகளில் நமது இலங்கைக் கறுவாவும் இருந்தது. ஆகவே, அடித்தட்டு மிளகால் நிரம்ப, மேற்தட்டில் பெட்டிகள் மலைபோற் குவிந்தன. பாய்களைக் கையாள இடமில்லை. மரம் உளுத்திருந்தாலும் அரைகுறையாகப் பழுது பார்த்தார்கள். புறப்பாடும் பிந்தியது. கடலில் கலன் வாய் திறந்ததும், சிதறிய மிளகு நீரிறைக்கும் குழாய்களை அடைத்தது. எந்தச் செல்வத்துக்காக வந்தார்களோ அதுவே அவர்கள் மூச்சை அடைத்ததெனலாம்.

இத்தகைய கப்பற் சேதங்களைப் பற்றிய பழைய போர்த்துக்கேய வரலாறுகளை 18ஆம் நூற்றாண்டில் கோமெஸ் த பிறித்தோ என்பவர் இரு தொகுதிகளாக லிஸ்பனில் அச்சிட்டிருந்தார். அவற்றிலிருந்து சிலவற்றைப் பொக்ஸர் ஆங்கிலமாக்கி, கடலின் துயர வரலாறு என்ற பெயரில் ஹக்லூயிற் சங்கத்தின் மூலம் 1959இலும், மேலும் சிலவற்றை 1968இலும் வெளியிட்டார். அவற்றுள் 1589இல் கொச்சியிலிருந்து வீடு நோக்கிப் புறப்பட்ட சாந்தோமே என்னும் கப்பலின் கதை, படித்தவர் நெஞ்சை விட்டு இலகுவில் அகலாது.

தென்கிழக்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் கப்பல் நீர் கொள்ளத் தொடங்குகிறது. இருப்பதோ ஒரேயொரு படகு. பிரபுக்களும் உத்தியோகத்தரும் அதில் இறங்குகின்றனர். யுவானா த மெந்தோன்சா என்னும் பெருமாட்டியையும் கயிறுகட்டி இறக்குகின்றனர். இரண்டு வயது நிரம்பாத அவளது பெண்குழந்தை இன்னும் மேலே தாதியின் கையில். தாய் கைகளை நீட்டிக் குழந்தையைக் கேட்கிறாள். தாதி கொடுக்க மறுக்கிறாள். தன்னையும் ஏற்றிக்கொண்டால்தான் குழந்தையைத் தருவதாகச் சொல்கிறாள். படகில் இருந்தவர்கள் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. படகு விலகிச் செல்கிறது. குழந்தையும் தாதியும் கப்பலோடு போயினர். பின்னர் பாரம் தாங்காமல் படகிலிருந்தும் சிலரைத் தூக்கிக் கடலில் எறிந்தனர்.

அக்கப்பலில் நிக்கொலாவு தோ றொசாரியோ என்ற சாமிநாதர் சபைக் குருவானவர் ஒருவர் இருந்தார். படகில் அவருக்கு இடமிருந்தது. மேலே நிற்பவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்காமல் இறங்கமாட்டேன் என்று அவர் கப்பலிலேயே நின்றுவிட்டார். அக்கடமையை முடித்த பின்னரே படகிலிருந்தோர் அவரை ஏற்றிக்கொண்டனர். சில ஆண்டுகளின் பின் ஆபிரிக்காவிலேயே அவர் கொல்லப்பட்டார்.

தாதியையும் குருவானவரையும் பொக்ஸர் ஒரே பக்கத்தில் நமக்குக் காட்டுகிறார். பேரரசின் வீரத்தைப் பாடுவோர் தாதியை மறைப்பர். அதைத் தூற்றுவோர் குருவானவரை மறைப்பர். இவர் இருவரையும் விடவில்லை.

ஒல்லாந்தரோடு போர்த்துக்கேயர் நடத்திய போராட்டத்தையும் அவர் புதிய கண்ணால் பார்த்தார். 17ஆம் நூற்றாண்டின் முதல் அறுபது ஆண்டுகளாக ஆபிரிக்கா, பிறேசில், மலாக்கா, மக்காவோ, மலையாளக் கரை, இலங்கை என்று உலகெங்கும் நடந்த அந்தச் சண்டையையே உண்மையான முதலாம் உலகப் போர் என்று அழைக்க வேண்டுமென்பது அவர் கருத்து. 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது அந்தப் பெரும் போரின் ஒரு பகுதியே. இலங்கையில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் போர்வீரனாக வாழ்ந்து, தோல்வியின் கதையைத் தானே எழுதிவைத்த கப்டன் யுவான் றிபேறோவைப் பற்றியும் பொக்ஸர் 1955இல் ஒரு தனிக் கட்டுரை எழுதினார். 1958இல், கிறிஸ்தவர்களும் வாசனைத் திரவியங்களும் என்னும் தலைப்பில், இலங்கையில் போர்த்துக்கேயர் சமயம் பரப்பிய முறையை ஆராய்ந்தார். சலுகையும் அச்சுறுத்தலும் மனந்திருப்புதலில் பங்கு கொண்டதை அவர் ஒளிக்கவில்லை. ஆயினும் அவ்வாறு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒல்லாந்தரின் தடைச்சட்டங்களுக்கு மத்தியிலும், சலுகை எல்லாம் எதிர்ப்பக்கம் இருந்தபோதிலும், பழைய விசுவாசத்தை விடவில்லை என்பதையும் அவரே எடுத்துக் காட்டினார்.

நண்பர்களை இழந்த நூல்

இதுவரை சொன்னதெல்லாம் கெட்டிக்காரத்தனம். இனிச் சொல்வது வேறு வகை.

1960களின் தொடக்கத்தில் போர்த்துக்கலின் சர்வாதிகாரி சலாசார் நெருக்கடியில் இருந்தார். 1961இல் அங்கோலாவில் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா கோவாவைக் கைப்பற்றியது. மற்ற ஐரோப்பியரைப் போலல்லாது போர்த்துக்கேயர் எக்காலத்திலும் நிறபேதம் பாராட்டியதில்லை, அவர்களது பேரரசில் கறுப்பரும் வெள்ளையரும் சகோதரராக வாழ்ந்தனர் என்பதே அந்த அரசாங்கம் உலகுக்குச் சொன்ன வாதம். பள்ளிக்கூடத்திலிருந்து ஐக்கிய நாடுகள் சபை வரைக்கும் இதே பாடம்தான்.

பொக்ஸர் அப்போது போர்த்துக்கலின் செல்லப்பிள்ளை. விருதுகளும் பட்டங்களும் அந்நாட்டால் அவருக்கு வழங்கப்பட்டிருந்தன. அவர் வகித்த பதவியே போர்த்துக்கேய மொழியின் பெயரால் அமைந்தது. லிஸ்பனின் சுவடிச்சாலைகளும் அங்குள்ள அறிஞர்களின் வீடுகளும் அவருக்கு எப்போதும் திறந்திருந்தன. அவர் வாய் திறவாதிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1962இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் மூன்று விரிவுரைகள் நிகழ்த்தினார். மறு ஆண்டு அவை, போர்த்துக்கேயக் குடியேற்றப் பேரரசில் இன உறவுகள் என்ற சிறுநூலாக ஒக்ஸ்போர்டில் வெளிவந்தன. 1415 முதல் 1825 வரையான நானூறு ஆண்டுகளை எடுத்து, ஆபிரிக்கா, இந்தியா, பிறேசில் என்று இடம் இடமாக, போர்த்துக்கேயரின் சொந்த ஆவணங்களைக் கொண்டே அந்த வாதம் தவறென்று காட்டினார்.

உதாரணத்துக்கு ஒன்று. ஆசியாவிலுள்ள கிறிஸ்தவக் குடிகள் போர்த்துக்கலில் பிறந்த வெள்ளையருக்குச் சமமான உரிமை உடையவர்கள் என்று லிஸ்பன் அரசு 1761இல் கட்டளை பிறப்பித்தது. கோவா அதிகாரிகள் அதை அமுல் நடத்தாமல் பெட்டிக்குள் வைத்தனர். 1774இல் திரும்பவும் வலியுறுத்தி ஆணையிட வேண்டியதாயிற்று. பேதமே இல்லாத இடத்தில் பேதத்தை ஒழிக்க இரண்டு தரம் சட்டம் எதற்கு?

திருச்சபையைப் பற்றியும் அவர் மௌனம் சாதிக்கவில்லை. அந்தப் பக்கங்களை ஒரு குருவானவர் வாசிப்பது எளிதன்று. நாமும் இலகுவாக வாசிக்கவில்லை. கோவாவில் சுதேசிகள் மேற்றிராசனக் குருமாராகப் பட்டம் பெறலாம்; ஆனால் துறவற சபைகளுக்குள் அவர்களுக்கு இடமில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஒரு சபையின் துறவிகள், இந்தியாவில் பிறந்த வெள்ளையருக்குங்கூடத் தங்கள் சபையில் உயர்பதவி தரலாகாது என்று வாதித்தனர். காரணம்? பெற்றோர் இருவரும் சுத்த போர்த்துக்கேயராயினும், குழந்தைப் பருவத்தில் இந்திய ஆயாமாரிடம் பால் குடித்ததால் அவர்கள் இரத்தம் கெட்டுவிட்டதாம்! கோவாவிலே குருப்பட்டம் மறுக்கப்பட்ட மத்தேயுஸ் த காஸ்த்ரோ என்ற கோவா பிராமண கிறிஸ்தவர், உரோமாபுரிக்கே சென்று பட்டம் பெற்று, 1637இல் ஆயராகவும் அபிஷேகம் செய்யப்பட்டார். திரும்பி வந்தபோதும் போர்த்துக்கேய அதிகாரிகள் அவரை ஏற்கவில்லை. சுதேச குருமார் பிரச்சினையைப் பற்றிப் பொக்ஸர் 1970இல் தனிக் கட்டுரையும், 1978இல் திருச்சபையும் ஐபீரியப் பரம்பலும் பற்றிய நூலில் ஒரு பகுதியும் எழுதினார்.

இதை வாசிக்கும்போதுதான் நம் கண்முன் நிற்கும் ஒரு பெரிய வாழ்வின் பின்னணி தெளிவாகிறது. 1680களில் கோவாவில் சுதேச குருக்கள் ஒன்றுகூடித் தமக்கென ஓரட்டோரியன் சபையை ஏன் அமைத்தார்கள்? மற்றச் சபைகளின் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. அந்தச் சபையைச் சேர்ந்த புனித யோசேவாஸ் அடிகளார்தான் 1687இல், ஒல்லாந்தர் ஆட்சியில் குருவானவர் எவருமில்லாதிருந்த யாழ்ப்பாணத்துக்கு, பிச்சைக்காரர் கோலத்தில் வந்தார். 1711இல் கண்டியில் இறக்கும்வரை இலங்கைத் திருச்சபையை உயிர்ப்பித்தார். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது காலிமுகத் திடலில் நம்மவர் எத்தனை பேர் நின்றனர்! ஐரோப்பிய சபைகள் வாசலில் நிறுத்திய ஒரு கூட்டத்திலிருந்து வந்தவர் அவர் என்பதை அன்று எத்தனை பேர் நினைத்தோமோ தெரியாது.

நூல் வெளிவந்ததும் லிஸ்பனில் புயல் எழுந்தது. அதிகார வட்டாரம் அவருக்குக் கதவடைத்தது. பத்திரிகைகள் ஏசின. எல்லாவற்றிலும் வேதனை தருவது, பழைய தேசப்படங்களின் வரலாற்றில் உலகப்புகழ் பெற்ற ஆர்மாந்தோ கோர்த்தேசாவு என்னும் அறிஞர் பகிரங்கமாக அவரைத் தாக்கி எழுதியமை. இவர் பொக்ஸரின் நெடுநாள் நண்பர். ஒரு காலத்தில் சலாசாரை எதிர்த்து நாட்டை விட்டு வெளியேறியவரும் ஆவார். ஆட்சியாளனைப் பகைக்கத் துணிந்தவருக்குங்கூட, தன் நாட்டின் பழம்பெருமையைப் பற்றிய கதை பொய்யென்று கேட்கப் பொறுக்கவில்லை. பொக்ஸரோ எழுதியதில் ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை. அதேவேளை போர்த்துக்கேயரை வெறுக்கவும் தொடங்கவில்லை. ஆறு ஆண்டுகளின் பின், 1969இல், அவர் எழுதிய போர்த்துக்கேயக் கடற் பேரரசு நூல் அந்தச் சிறிய, ஏழை நாடு உலகம் முழுதும் எட்டிப் பிடித்த விந்தையை முழு மரியாதையோடு சொல்கிறது. 1974 ஏப்ரலில் அந்தச் சர்வாதிகார ஆட்சி வீழ்ந்த பின்னரே லிஸ்பனின் கதவுகள் அவருக்கு மீண்டும் நன்றாகத் திறந்தன.

திருச்சபை அவரைப் பகைத்ததா என்றால் இல்லை. புனித பெரிய கிறகோரியாரின் பெயரால் பாப்பரசர் வழங்கும் விருது அவருக்குக் கிடைத்தது.

அவரிடம் குறையே இல்லை என்பதன்று நம் கருத்து. தத்துவ விளக்கங்களில் அவருக்கு நாட்டமில்லை. ஆவணத்தை எடுத்து முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். யப்பானைத் தவிர மற்றை ஆசிய நாடுகளைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஏடுகளின் யன்னலூடாகவே அவர் பார்த்தார். யாழ்ப்பாணத்துத் தமிழன் அந்தக் கப்பல்களைக் கண்டு என்ன நினைத்தான் என்று அவர் நூல்களில் தேடிப் பயனில்லை. மறைபரப்பாளரைப் பற்றி எழுதுகையில் அவர்களின் வரவு செலவையும் பட்டுவியாபாரத்தில் கொண்ட பங்கையும் துல்லியமாகச் சொல்வார். அவர்கள் முழந்தாளில் நின்ற நேரத்தைச் சொல்ல அவரிடம் கணக்கேடு இல்லை. இது குற்றமன்று, எல்லை.

1967இல் இலண்டன் பதவியிலிருந்து ஓய்வு பெற்று அமெரிக்காவுக்குப் போனார். யப்பானியரிடமிருந்து மீண்ட அவரது நூல்நிலையத்தை இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் லில்லி நூல்நிலையம் ஏற்கெனவே வாங்கியிருந்தது. புத்தகங்கள் போன இடத்துக்கே அவரும் வருகைப் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தார். 1969 முதல் 1972 வரை யேல் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியரின் கடல்கடந்த பரம்பல் பற்றிய பேராசிரியர். எழுபது வயதைத் தாண்டியும் நூல்கள் வந்தன. கடல்கடந்த நாடுகளில் பெண்கள் பட்ட பாட்டைப் பற்றி 1975இல் ஒரு சிறுநூல் எழுதினார். அக்காலத்தில் அத்துறையில் அதைப்பற்றி எழுதியவர்கள் சிலரே.

2000 ஏப்ரல் 27ஆம் திகதி, தொண்ணூற்றாறாம் வயதில், இங்கிலாந்தில் காலமானார். அவர் இறந்து ஓராண்டுக்குள், ஹொங்கொங் சிறையிலே யப்பானியருக்கு அவர் உதவினாரென்று பிரித்தானிய நாளிதழொன்று ஒரு கட்டுரை வெளியிட்டது. மறுத்துரைக்க அவர் உயிரோடில்லை. அவரை அறிந்தோரும் அவரது வரலாற்றை ஆராய்ந்தோரும் ஆதாரங்களோடு அதை மறுத்தனர். டோறில் ஓல்டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் எழுதிய அவரது விரிவான வாழ்க்கை வரலாறு 2001இல் அச்சாகியது. அதை வெளியிட்டது ஒருகாலத்தில் அவருக்குக் கதவடைத்த லிஸ்பனிலுள்ள ஒரு நிறுவனம்.

கிங்ஸ் கல்லூரியில் இப்பொழுது சார்ல்ஸ் பொக்ஸர் பெயரிலேயே ஒரு வரலாற்றுப் பேராசிரியர் பதவி உண்டு. 2005இல் அப்பதவிக்கு வந்தவர் பிரான்சிஸ்கோ பெத்தங்கூர் என்ற போர்த்துக்கேயர். சிலுவைப் போர்க்காலம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரையான இனவாதத்தின் வரலாற்றை அவர் ஒரு பெருநூலாக எழுதி 2013இல் வெளியிட்டார்.